ரெண்டு தரம் வரும் தன்னானே

இன்று காலை ரயிலில் என் காலின் மேல் நாற்றுத் தண்ணீர் சொட்டியது. பொன்னேரியில் வண்டி கிளம்புகிற நேரம், கம்பெனிக்கு நேரமாகிவிட்டதே என்று கண்ணில் பட்ட பெட்டியில் ஏறிவிட்டேன். உள்ளே நடவுக்குப் போகிற பொம்பளைகள் ஆறேழு பேர். நாற்றுக்கட்டுகளைத் தலைக்கு மேலே பலகையில் அடுக்கியிருந்தார்கள். சேறும் வேரும் கலந்த அந்த வாசனை ஏறினதும் உன் நினைப்பு வந்தது. அது ஒன்றும் புதுசில்லை. ஆனால் அவர்களில் ஒருத்தி, இருபது வயசுகூட இருக்காது, சும்மா உட்கார முடியாமல் ஒரு பாட்டை எடுத்தாள். மற்றவர்கள் பின்பாட்டு பாடினார்கள்.

அது நம்முடைய வாட்ச்சு பாட்டு.

முழுசாகப் பாடினார்கள். முடிகிற இடத்தில் 'தன்னானே' என்று ஒரு தரம், மறுபடியும் 'தன்னானே' என்று ஒரு தரம் இழுத்து நிறுத்தினார்கள். பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். அந்த ரெண்டாவது தன்னானே ஏன் வந்தது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீ போய் ரெண்டு வருஷம் ஆகிறது.

நாம் ரெண்டு பேரும் ஒரே செட்டில் நட்ட காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் காதில்தான் கேட்கும், கண்ணில் அப்புறம்தான் தெரியும். பன்னிரண்டு பேர் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டே நடுவோம். நீ நடுவில், நான் உனக்கு இடது பக்கம். நீ பாட்டை எடுத்தால் அடுத்த நிலத்துக்காரிகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல் உனக்கு. ஆனால் ஒரு அடிகூட மனசில் நிற்காது. எனக்கோ தகர டப்பாவைத் தட்டினது மாதிரி குரல், வார்த்தை மட்டும் வந்து கொட்டும். நான் உன் காதோரம் அடியைச் சொல்வேன், நீ அதை எடுத்து வானத்துக்கு வீசுவாய். பார்க்கிறவர்களுக்கு நீ பாடுகிறாய் என்றுதான் தெரியும். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

என்னவெல்லாம் பாடினோம்! கூழ் கரைக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட மருமகளைப் பற்றி, புகை விட்டுக்கொண்டு போகிற ரயிலைப் பற்றி, ஆடி மாசம் அம்மனுக்குக் கும்மி. நீ பாடின நாளில் சாயங்காலம் வரை இடுப்பு வலி தெரியாது. நீ தொண்டை கட்டி சும்மா இருந்த நாளில் மத்தியானமே உயிர் போகும். கேலிப் பாட்டு என்றால் நம் செட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரைக் கேலி பண்ணினாலும் கடைசி அடியில் பாட்டுக் கட்டினவள் பேர் வந்தாக வேண்டும். வசவு வந்தால் கட்டினவளுக்கு வரட்டும், பாடினவளுக்கு வரக்கூடாது. அதை வைத்ததே நீதான். "பேரு சொல்லாம கேலி பண்றது பொதருக்குள்ள ஒளிஞ்சிகினு கல்லு வுடற மாதிரிடீ" என்பாய்.

மேஸ்திரியின் வாட்ச்சை நீ மறந்திருக்க மாட்டாய். நம்மை வேலை வாங்கிய அந்த மனுஷன் பொழுது சாய்ந்து கொக்கெல்லாம் திரும்பின பிறகும் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் மணி ஆகவில்லை என்பார். செட்டில் மணி பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், எட்டாவது வரை படித்த புண்ணியம். ஒரு நாள் காலையில் நாற்றுக்கட்டை வாங்கும்போது கிட்டத்தில் பார்த்தேன், மூணு மணி. சாயங்காலம் பார்த்தேன், அப்போதும் மூணு மணி. வாட்ச்சு எப்போதோ செத்துப் போயிருந்தது. உன்னிடம் சொன்னபோது சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தாய். மறுநாளே நான் பாட்டைக் கட்டிவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து நிலத்துக்காரர் பட்டணத்து விருந்தாளிகளோடு வரப்பில் வந்து நின்றார். இருட்டுகிற நேரம். நீ பாட்டை எடுத்தாய்.

சூரியனும் ஊட்டுக்குப் போச்சி, தன்னானே
சோத்துப்பானை காத்துக்கினு கீது, தன்னானே
மேஸ்திரி கையில வாட்ச்சி மின்னுது, தன்னானே
மேஸ்திரி வாட்ச்சில மணி மூணு, தன்னானே

விருந்தாளிகள் சிரித்தார்கள். நிலத்துக்காரரும் சிரித்துவிட்டு, எங்கே காட்டு என்று மேஸ்திரியின் கையைப் பிடித்துத் திருப்பினார். மேஸ்திரியின் முகத்தை நான் பார்த்தேன். அடுத்தது கடைசி அடி, என் பேர் வருகிற அடி. நீ தலையை என் பக்கம் சாய்த்துக் காதைக் கொடுத்தாய். நான் குனிந்து நாற்றை நட்டேன். நான் தடுமாறுகிறேன் என்று நினைத்து நீ இன்னொரு தன்னானே இழுத்து எனக்கு நேரம் கொடுத்தாய். நான் இன்னும் குனிந்துகொண்டேன். நீ நிறுத்திவிட்டாய்.

மறுநாள் காலையில் மேஸ்திரி எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, பாட்டைக் கட்டினது யார் என்று கேட்டார். எனக்குக் கல்யாணமாகி மூணு மாசம். அதே நிலத்துக்காரரின் பம்புசெட்டு ஓட்டுகிற வேலையை என் வீட்டுக்காரருக்கு வாங்கிக் கொடுத்ததே அந்த மேஸ்திரிதான். இதெல்லாம் இப்போது சொல்கிற காரணம். அப்போது பயம் மட்டும்தான் இருந்தது. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் கட்டினேன் என்றாய்.

"உனுக்கு மணி பாக்கத் தெரியுமா?" என்றார் அவர்.

"தெரியும்."

கையை உன் முகத்துக்கு நேரே நீட்டினார். "எங்க, சொல்லு. இன்னா மணி?"

உனக்கு ஒன்று, ரெண்டுகூட எழுதத் தெரியாது. வாட்ச்சை உற்றுப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் அசையாமல் சொன்னாய்: "மணி மூணு."

நான் கொடுத்த அடியை வைத்தே என்னைக் காப்பாற்றினாய். செட்டு மொத்தத்துக்கும் உண்மை தெரியும், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உன்னை அன்றைக்கே விரட்டினார்கள். சுற்று வட்டாரத்தில் எந்த நிலத்திலும் உன்னைச் சேர்க்காதபடி மேஸ்திரி பார்த்துக்கொண்டார். நடவுக் காலம் முழுக்கச் சும்மா இருந்தால் அடுப்பு எப்படி எரியும்? உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊத்துக்கோட்டைப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கப் போய்விட்டாய். நான் வழியனுப்பக்கூட வரவில்லை. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் அது பாதிதான். மேஸ்திரி பார்த்துவிடுவாரோ என்றும் இருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு இல்லாமல் நடவு ஓடவில்லை. யாராவது எடுங்கள் என்றார் மேஸ்திரி. எல்லாரும் என்னைத் தள்ளினார்கள். நீ நின்ற இடத்தில் போய் நின்று, இந்தத் தகரக் குரலில் நான் பாடினேன். நாலு வருஷம் பாடினேன். வாட்ச்சு பாட்டை மட்டும் தொட்டதில்லை. மற்றவர்கள் மேஸ்திரி இல்லாதபோது பாடுவார்கள், நீ விட்ட இடத்திலேயே விடுவார்கள். அப்படியே ஊர் ஊராகப் போய், பார், ரயில் வரைக்கும் வந்துவிட்டது.

கடைசியாக உன்னைப் பார்த்தது கவரைப்பேட்டை ஸ்டேஷனில். நிலமெல்லாம் கைமாறி நான் கம்பெனியில் பெருக்கப் போய்க்கொண்டிருந்த முதல் வருஷம். தலையில் கடலை மூட்டையோடு நீயே வந்து தோளைத் தட்டினாய். பிடித்துக்கொண்டு திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். குழந்தைகளை விசாரித்தாய். என் யூனிபாரம் புடவையைத் தொட்டுப் பார்த்து, கலர் நல்லாயில்லை என்றாய். இப்போதெல்லாம் பாடுகிறாயா என்று கேட்டேன். எங்கே, அடி எடுத்துக் கொடுக்க ஆள் இல்லையே என்றாய், குத்திக்காட்டாமல், நிஜமாகவே. வண்டி வருகிற நேரத்தில் கேட்டாய்:

"அந்தக் கடைசி அடிய நீ எனுக்குக் குடுக்கவே இல்லையேடீ. இன்னா அது?"

மறந்துவிட்டேன் என்றேன். நீ சிரித்தாய்.

"நெனப்பு வந்தா சொல்லு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாய்.

அப்புறம் மஞ்சள் காமாலை என்றார்கள். பொன்னேரி சந்தையில் உன் தங்கச்சி சொல்லித்தான் தெரியும், அதுவும் எல்லாம் முடிந்து ரெண்டு மாசம் கழித்து. சந்தையில் நின்று அழுதேன். என்ன அழுது என்ன?

இன்று ரயிலில் அந்தப் பெண் பாடி முடித்ததும், இது யார் கட்டின பாட்டு தெரியுமா என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. அவர்கள் கவரைப்பேட்டையில் இறங்கிப் போனார்கள். நான் கால் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் கழித்தும், மேஸ்திரியும் இல்லை, பம்புசெட்டும் இல்லை, அப்படியும் எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதின பிறகுதான் புத்தியில் உறைத்தது, உனக்குப் படிக்கத் தெரியாது. உனக்கு வந்த கடுதாசியெல்லாம் நான்தானே படித்துக் காட்டுவேன். அதனால் பேனாவை வைத்துவிட்டுச் சத்தமாகவே பாடினேன். முதல் நாலு அடியும் பாடி, ரெண்டாவது தன்னானே வருகிற இடத்தில் அந்த அடியை வைத்தேன்.

கட்டினவ கன்னியம்மா, கேட்டுக்கோங்க, தன்னானே

கூடத்தில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அது அவள் பாட்டாச்சே, கடைசியில் உன் பேர் எப்படி வந்தது என்று கேட்டார்.

"நான் கட்டனதுதாங்க," என்றேன். "அவ எனுக்காகத் தான் கட்டனதா சொல்லிக்கினா."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். நான் மறுபடியும் முதலிலிருந்து பாடினேன்.