நல்ல செய்தியா என்று கேட்டாய்

அன்புள்ள அக்கா,

நம் வாலுப்பயல் நேற்று ராத்திரியாவது வயிற்று வலியில்லாமல் தூங்கினானா? போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கணையத்தின் குழாய் கருவில் எப்படி உருவாகிறது, எந்த மரபணு அதை நடத்துகிறது என்று மீன்களை வைத்து வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். "மீனுக்கு வயித்து வைத்தியம் பாக்கிறவ" என்று கேலி செய்வாயே, அதே வேலைதான். அந்த மரபணு மனிதர்களிடம் பழுதாகி இதுவரை நாங்கள் பார்த்ததில்லை. நேற்று பார்த்தேன், உன் மகனின் ரத்தத்தில்.

அவனுடைய ரத்தப் பரிசோதனை முடிவு கேட்க வந்த நீ, நான் கைதட்டிக் குதித்ததை ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்துவிட்டாய்.

"நல்ல செய்தியாடீ?" என்று ஓடி வந்தாய்.

"ஆமாக்கா" என்றேன். நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அக்கா, அவனுடைய கணையக் குழாய் பிறவியிலேயே சரியாக உருவாகவில்லை. மருந்தில் தீராது, அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். அது தெரிந்துதான் குதித்தேன். அந்த நிமிடம் அவன் முகம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

நாளை டாக்டர் உன்னைக் கூப்பிட்டு விளக்கும்போது நான் பக்கத்தில் உட்காரட்டுமா? ரெண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொள்கிறேன். "பரவாயில்லடீ" என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் தங்கை