ஆறாவது வரியில் நின்ற கொப்பி

கொப்பியைத் திறந்ததும் சதகுப்பை மணந்தது. நேற்றுப் பின்னேரம் உன் கணவர் அதை ஒரு துணிப் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். கூடவே நீ காயவைத்த சதகுப்பை ஒரு போத்தல். மூடி சரியாக இறுகவில்லை போலும், கொப்பி முழுக்க அந்த மணம் ஏறியிருக்கிறது. டூங்கபி ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ. கடைசிப் பக்கத்தை நான் வாசிச்சிட்டன். மன்னிக்கவேணும்," என்றார்.

ஆங்கிலத்தில்தான் சொன்னார். உங்கள் இருவரின் பேச்சும் என் காதுக்குள் எப்போதோ யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உனக்கு ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால் பழைய பழக்கத்தில் மறுபடி பொய் சொல்லிவிடுவேன்.

இன்று காலை ஏழு பேரைக் குளிப்பாட்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன்.

செவன் ஹில்ஸில் நாம் வேலை பார்த்த அந்த முதியோர் இல்லத்துக்கு நீ வந்த முதல் வாரம் ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் நான் பன்னிரண்டு வருடம் தாதியாக இருந்தவள். லித்துவேனியாவில் நீ அதைவிடக் கூடக் காலம் இருந்தவள். இங்கே ஆங்கிலப் பரீட்சை பாஸாகும்வரை இருவரும் வெறும் பராமரிப்பாளர்கள். காலையில் மேலாளர் நடைபாதையில் உன்னைக் கடந்துபோகும்போது "ஹவ் ஆர் யூ கோயிங்?", எப்படி இருக்கிறாய் என்று கேட்டா. நீ தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினாய். முதுகு வலி, ஊரில் அம்மாவின் கண் ஆபரேஷன், புது வீட்டுக் கூரையில் ஒழுக்கு. அந்த மனுஷி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றா. நான்தான் உன்னைத் துணி துவைக்கிற அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"அப்படிக் கேட்டால் 'நொட் டூ பாட்' எண்டு சொல்லிட்டுப் போகவேணும். பரவாயில்லை எண்டு அர்த்தம். அவ்வளவுதான்."

"பாட் எண்டாலுமா?"

"பாட் எண்டாலும்."

"அப்ப ஏன் கேக்கினம்?" என்றாய். நான் உன்னைத் தள்ளுவண்டிக்குத் திருப்பி அனுப்பினேன்.

அந்த வாரமே கொப்பி தொடங்கியது. பரீட்சை வகுப்பு ஆசிரியர், இந்த நாட்டுக்காரர் பேசுவதுபோல் இயல்பாகப் பேசாவிட்டால் புள்ளி ஏறாது என்று சொல்லியிருந்தார். சாப்பாட்டு நேரத்து அரை மணித்தியாலத்தில், வாகனத் தரிப்பிடத்தில், உன் வெள்ளைக் காருக்குள் இருந்து எழுதினோம். நடுவில் ஆங்கிலம், இடப்பக்கம் உன் மொழி, வலப்பக்கம் என் மொழி. உன் மடியில் சதகுப்பை தூவிய உன் ஊர் ரோசா நிறப் பீட்ரூட் குளிர் சூப். முதல் தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கட ஊரில சதகுப்பையைப் பிள்ளை பெத்தவளுக்கெல்லோ மருந்தாக் குடுக்கிறது," என்றேன். "அப்ப நான் ஒவ்வொரு நாளும் ஒண்டு பெத்திருக்கிறன்," என்று சிரித்தாய். ஸ்டியரிங்கில் சூப் கொட்டியது.

ஆங்கிலத்தின் 'அப்', 'அவுட்' போன்ற குட்டிச் சொற்கள் உன்னைப் பாடாய்ப் படுத்தின. உன் மொழியில் அந்தக் குட்டிகள் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். எய்தி என்றால் போவது, இஷெய்தி என்றால் வெளியே போவது, பெரெய்தி என்றால் கடந்துபோவது. ஆங்கிலத்திலோ அவை பின்னால் அவிழ்ந்து கிடக்கும். "மேல தூக்கிக் குடுத்தா எப்பிடிக் கைவிட்டதாகும்?" என்று 'கிவ் அப்' என்ற சொல்லோடு ஒரு கிழமை கோபமாக இருந்தாய். நான், எங்கள் மொழியில் ஒரு வினையின் தோளில் இன்னொரு வினை கைபோட்டுக்கொள்ளும் என்றேன். விட்டுக்கொடு, எடுத்துப்போடு, பொறுத்துக்கொள். நீ ஒவ்வொன்றையும் வாய்க்குள் போட்டுப் பார்த்தாய்.

ஒருவரை ஏமாற்றுவதை உன் ஊரில் காதில் மக்கரோனி தொங்கவிடுவது என்பார்களாம். எங்கள் ஊரில் காதில் பூ வைப்பது என்றேன். அன்று மத்தியானம் முழுக்க அந்த இல்லத்தில் யார் காதைப் பார்த்தாலும் நமக்குச் சிரிப்பு வந்தது. சாப்பாட்டில் பட்டாணியைத் துப்புகிற ஒரு பெரியவர், "என்ன, என்ரை காதில என்ன?" என்று தடவித் தடவிப் பார்த்தார்.

ஒரு பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ட்ரொப் இன்'. அதற்கு நீ எழுதியது 'உஷெய்தி'. நான் எழுதியது 'எட்டிப் பார்க்கிறது'. சொல்லாமல் கொள்ளாமல் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவது. "இதுக்குத்தான் எங்கட மூண்டு மொழியும் ஒத்துப்போகுது," என்று அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாய்.

அடுத்த பக்கத்தில் பிரிந்தவரை நினைத்து ஏங்குவதற்கு என்ன சொல்வது என்று இருக்கிறது. உன் சொல் 'இல்கியோசி'. எனக்கு 'தேடுது'. "ஆர் தேடுறது?" என்று கேட்டாய். ஒருவரும் தேடுவதில்லை, அது தன்பாட்டில் தேடும், எனக்கு உன்னைத் தேடுது என்றுதான் சொல்லுவோம் என்று விளக்கினேன். நீ அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடு போட்டாய். உன் அம்மாவை நினைத்திருப்பாய்.

விதி போட்டது நான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத் தெரியும். நாம் இருவரும் போனில் செய்தி அனுப்புவதானால் கொப்பியில் இருக்கிற ஆங்கிலச் சொற்றொடர்களில்தான் அனுப்பவேண்டும். நேரடியாக நோகுது, பயமாயிருக்கு, முடியேல்லை என்று புலம்பக் கூடாது. புலம்பினால் தண்டனை உண்டு. புலம்பிய வசனத்தைக் கொப்பியில் மேலே எழுதி, கீழே 'நொட் டூ பாட்' என்று பத்துத் தரம் எழுதவேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு இம்போசிசன் தந்த ரீச்சரை நான் அப்படிப் பழிவாங்கினேன். தொடக்கத்தில் தண்டனைப் பக்கங்கள் எல்லாம் உன்னுடையவை. போகப் போக நீ கெட்டிக்காரியாகிவிட்டாய்.

நான்காவது தடவையில் நீ பாஸானாய். அதே நாள் எழுதிய எனக்கு எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளி போதவில்லை. நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாய். நான் முதுகைத் தட்டிவிட்டு, கறி அடுப்பில் என்று பொய் சொல்லி வந்துவிட்டேன். நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாய், நார்த்மீட்டில் வீடு எடுத்தாய். என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். வரச்சொல்லி எத்தனை தரம் கேட்டாய். எனக்கு எரிச்சல், வேறு ஒன்றுமில்லை. உன் மேசையில் நேர்ஸ் அடையாள அட்டை கிடக்கும், அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பொறாமை என்று இதுவரை எனக்கே சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

பிறகு உன் செய்தி வந்தது. 'அண்டர் த வெதர்', கொஞ்சம் உடம்பு சரியில்லையாம், லீவில் நிற்கிறாயாம். நான் 'ஹாங் இன் தெயர்' என்று அனுப்பினேன், தாக்குப்பிடி என்று. அடுத்த மாதமும் நீ லீவில். கேட்டதற்கு 'கான்ற் கொம்ப்ளெயின்', குறைசொல்ல ஒன்றுமில்லை என்று பதில். என் மனுசன் சொன்னார், "இவ்வளவு நாள் ஒராள் லீவில நிக்கிறதெண்டா சும்மா இல்லையப்பா. பத்து நிமிசம்தானே, ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாவன்."

"அவவே பரவாயில்லை எண்டு எழுதியிருக்கிறா. பிறகென்ன?" என்றேன்.

இரண்டாம் தரமும் சொன்னார். மூன்றாம் தரம் நான் அவர்மேல் பாய்ந்தேன். இருபது வருடமாக நோயாளிகளின் முகம் பார்த்தே நிலைமை சொல்லுகிறவள் நான். உன் முகத்தைப் பார்த்திருந்தால் வாசலிலேயே தெரிந்திருக்கும். நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடைசிச் செய்தி 'நொட் டூ பாட்'. நான் பெருவிரலை உயர்த்திக் காட்டுகிற படத்தை அனுப்பினேன். அதற்குப் பத்தாம் நாள், நீ போய்விட்டாய் என்று உன் கணவரின் செய்தி வந்தது. புற்றுநோய், ஈரலில் தொடங்கி எங்கும் பரவியிருந்ததாம். செத்தவீட்டில் பழைய மேலாளர் என் தோளைத் தொட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டா. நான் 'நொட் டூ பாட்' என்றேன். நாலு அடி தள்ளி நீ பெட்டிக்குள் கிடக்கிறாய், என் வாயில் அதுதான் வந்தது.

நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்துச் சரிந்திருந்தது, ஆனாலும் உன் எழுத்துத்தான். மேலே விதிப்படி உன் புலம்பல் வசனம். ஒரு சொற்றொடரும் இல்லாத, குழந்தை எழுதுவதுபோன்ற ஆங்கிலம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் ஒருக்கால் வந்து பார்த்தால் நல்லது.

அந்த 'அவள்' நான். கீழே தண்டனை. நொட் டூ பாட், நொட் டூ பாட் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக. அடியில் போட்டிருந்த நாள், நீ எனக்கு அந்தக் கடைசிச் செய்தியை அனுப்பிய நாள். என்னிடம் புலம்பவே இல்லை நீ. புலம்ப நினைத்ததற்கே தண்டனை எழுதியிருக்கிறாய், நான் போட்ட விதி என்று. ஆறாவது வரி பாதியில் கீழே இறங்கி நின்றுவிட்டது. மிச்சத்தை எழுத உன் கைக்கு ஏலவில்லை.

பக்கத்தை மூடிவிட்டுக் குளித்தேன். குளியலறைக்குள் நின்று சத்தம் போட்டு அழுதேன். மனுசன் கதவைத் தட்டவில்லை.

இன்று வேலையில், புதிதாக வந்திருக்கும் நேபாளப் பிள்ளையிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே 'நொட் டூ பாட்' என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. விரிப்புகளை வைத்துவிட்டு, "அது எனக்கும் தெரியும். இப்ப உண்மையைச் சொல்லு," என்று பக்கத்தில் இருந்தேன். இப்போதைய மேலாளர் இரண்டு தரம் எங்களைக் கடந்துபோனா. நான் எழும்பவில்லை.

அடுத்த மாதம் மறுபடி பரீட்சை. களைத்துப் போனேன், ஆனாலும் போவேன். கொப்பி மேசையில் விரிந்து கிடக்கிறது. நீ விட்ட இடத்தில் நாலு வரி வெறுமையாக இருக்கிறது. உனக்காக அதை நிரப்பிவிடலாமா என்று பேனையை எடுத்தேன். அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. அந்த நாலு வரியிலும் வலப்பக்கத்தில், என் மொழிக்குரிய இடத்தில், ஒரே வசனத்தைத்தான் எழுதியிருக்கிறேன். தண்டனை ஒன்றும் எழுதமாட்டேன், விதியைப் போட்டவள் நான், எடுத்துவிட்டேன்.

எனக்கு உன்னைத் தேடுது.