நேராக்கப்பட்ட இதழ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். அங்கே குளிர் என்கிறாய், ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே, பிறகு தலைவலி என்று மாத்திரையை விழுங்காதே. உன் அண்ணன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, ஓட்டை வாயைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாள், அவளுக்காகத்தான் அந்த வீட்டுப் படியை இன்னும் ஏறுகிறேன். "அண்ணன் என்னம்மா தப்பு பண்ணிட்டான், உன் படத்த ஊரே பாக்குற மாதிரி வச்சிருக்கான், சந்தோஷப்படக் கூடாதா" என்று போனில் கேட்டாய். அப்போது போனை வைத்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை, அண்ணனுக்கு ஆபீஸ், நான்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். காலமெல்லாம் தையல் மெஷினில் ஓடிய கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை, போர்வை ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வார்டு நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய தடித்த தாளும் காம்பஸும் கறுப்புப் பேனாவும் கொண்டுவந்து தந்தாள், அவளும் சாப்பாட்டு நேரத்தில் மண்டலா என்கிற வட்டக் கோலம் வரைகிறவளாம். "நடுவுல ஒரு புள்ளி வைங்கம்மா, அங்கேருந்து வட்டம் வட்டமா வெளிய வாங்க, அழிக்கக் கூடாது, தப்பாப் போனா அதையும் சேத்துக்கிட்டுப் போகணும்" என்றாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். சிதறிக் கிடக்கிற மனசு ஒரு புள்ளியில் வந்து நிற்கும், அவ்வளவுதான் என்றாள். சில இடங்களில் வண்ணப் பொடியால் நாள்கணக்கில் போட்டு, முடிந்ததும் போட்டவர்களே கலைத்துவிடுவார்களாம். போட்டவர்களே, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

காம்பஸால் வட்டங்களைப் போட்டு, ஸ்கேலால் குறுக்குக் கோடு இழுத்து, பாவாடைக்குத் துணி பிரிப்பதுபோலத் தாளைச் சமமாகப் பிரித்தேன். உள் வட்டத்தில் அரிசி போலச் சின்ன இதழ்கள், அடுத்ததில் அலை, அதற்கடுத்து கண் மாதிரி. அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது, ஆனால் கண் என் பேனா கூடவே சுற்றிவரும். ஒரு நாள் பெரிய இதழ்களை வரைந்துகொண்டிருக்கும்போது திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார், பேனா இழுத்துக்கொண்டு போய் ஒரு இதழ் கோணலாகிவிட்டது. விடவே இல்லை. பிடி தளர்ந்தபோது நான் டாக்டரைக் கூப்பிட்டேன், கூப்பிட்டு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. வெளி வட்டங்களை வீட்டுக்கு வந்து, காரியமெல்லாம் முடிந்தபிறகு வரைந்தேன்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் பண்ணித் தருகிறேன் என்று ஆபீசுக்கு எடுத்துப்போனான். அதற்குப்பிறகு பேச்சே இல்லை. போன மாதம் கண் காட்டப் புது ஆஸ்பத்திரிக்குப் போனேன், உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க அது நிற்கிறது, நீலமும் பொன்னிறமுமாக. கீழே அவனுடைய சுவர் டிசைன் கம்பெனி பேர். கிட்டே போய்த் தேடினேன், கோணல் இதழைக் காணோம், எல்லா இதழும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. தடவிப் பார்த்தேன். "கை வைக்காதீங்கம்மா, கறை பட்டுடும்" என்று காவல்காரர் சொன்னார், அவர் மேல் தப்பில்லை. கண்ணில் மருந்து விடாமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி வைத்துக் கொடுத்துக் கேட்டேன். "அம்மா, ஒண்ணு மட்டும் கோணலா இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல நேராக்கிட்டேன், இல்லன்னா கிளையன்ட் ஒத்துக்க மாட்டாங்க, அது வெறும் டிசைன்தானே" என்றான். அது உங்கப்பா கைடா என்றேன். நிமிர்ந்து சுவரில் அப்பா படத்தைப் பார்த்தான். எனக்கும் அப்போது மனசு இளகத்தான் செய்தது, பெற்ற வயிறு இல்லையா. அதற்குள் அவனே கெடுத்துக்கொண்டான், அந்த ஆஸ்பத்திரிக்கு இன்னொரு கிளை திறக்கிறார்களாம், அதே மாதிரி இன்னொன்று வரைந்து தா, இந்தத் தடவை உன் பேரையும் போடுகிறேன் என்றான். "அதுக்கு இன்னொருத்தர் சாகணுமேடா" என்றேன். காபியைத் தொடாமல் எழுந்து போனான். வாய் தவறிச் சொல்லவில்லை, தெரிந்தேதான் சொன்னேன்.

என் தாளைக் கொண்டுவந்து கொடு என்று மருமகளிடம் சொல்லி அனுப்பினேன். நேற்று அவனே கொண்டுவந்தான், பிரின்டருக்கு அடியில் கிடந்ததாம். ஓரத்தில் டீ கிளாஸ் வைத்த தடம், அதுவும் வட்டம்தான், மண்டலாவில் அவன் பங்கு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். "ஸ்கேன் இருக்கும்மா, கறைய எடுத்துட்டுப் புதுசா பிரின்ட் போட்டுத் தரேன்" என்றான். அழிக்கத் தெரிந்தவனுக்கு எல்லாமே அழுக்கு. வேண்டாம் என்று வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அவனுக்காக என்னிடமோ எனக்காக அவனிடமோ நீ பரிந்து பேச வேண்டாம், எங்கள் சண்டை எங்களுக்குள் இருக்கட்டும். நீ நூறு வயசு நன்றாக இரு, உன் கை பட்டது துலங்கட்டும், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று கேட்காதே, அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் வா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்