இங்கிலிஷிலை கதைக்கச் சொன்ன ஆளுக்கு

என்னப்பா,

நான் ஷிப்டுக்குப் போறன். நேரிலை சொன்னால் சிரிச்சு மழுப்புவீங்கள். மலையாளியெண்டாலும் தமிழ் வாசிப்பீங்கள்தானே, இருந்து வாசியுங்கோ.

உங்கடை அம்மா பாலக்காட்டிலையிருந்து வாறா எண்டுதான் நான் மலையாளம் பழகினனான். என்னோடை வேலை செய்யிற மலப்புரத்துச் சைனபா அக்காதான் ஒரு வருஷமாச் சொல்லித் தந்தவ. மலையாளம் எல்லாம் ஒண்டெண்டு நினைச்ச மடைச்சி நான்.

நேற்று அம்மாவிட்டை, "இங்ஙள் சோறு பெய்ச்சோ?" எண்டு கேட்டன். சாப்பிட்டீங்களோ எண்டுதானே கேட்டன். அவ பிளேட்டைத் தள்ளி வைச்சிட்டு, இது முஸ்லிம் ஆக்களின்ரை பேச்செல்லோ எண்டு உங்களைக் கேட்டவ. என்னைக் கேக்கேல்லை.

இங்கை ஹரோவிலை ஒருத்தன் என்ரை ஊர்த் தமிழைக் கேட்டு மலையாளமோ எண்டு சிரிச்சபோது சண்டைக்குப் போன ஆள் நீங்கள். நேற்று என்ன சொன்னீங்கள்? "இனி அம்மாவோடை இங்கிலிஷிலை கதை."

அம்மாவுக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சைனபா அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறன். அம்மாவுக்குப் பக்கத்திலைதான் கதிரை போடுவன். உங்களுக்கு வெக்கமெண்டால், நீங்கள் இங்கிலிஷிலை கதையுங்கோ.

வாய் மூடாத,
உங்கடை மனிசி