இரவல் கட்டில்கள்

மார்ச் 4
கடன் கொடுத்த நாடுகளின் குழு பதினெட்டாம் தேதி எங்கள் பிரசவ வார்டைப் பார்க்க வருகிறதாம். பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "சிஸ்டர், போன தடவை மாதிரியே ஜமாய்ச்சிடுங்க. கட்டில், போர்வை எல்லாம் எலும்பு வார்டுல இரவல் வாங்கிக்கலாம்."

போன தடவை! கட்டிலுக்கு இரண்டு தாய்மார் படுக்கிற வார்டை இரவல் கட்டில் போட்டு, லீவில் இருந்த நர்சுகளையும் வரவழைத்து, பளபளவென்று காட்டினோம். வந்தவர்கள் எழுதியது: 'வசதி போதுமானது, ஆட்கள் அதிகம்.' அடுத்த தவணை கட்ட, அரசாங்கம் எங்கள் ஆறு நர்சுகளை வீட்டுக்கு அனுப்பியது. அன்றைக்குப் போர்வை விரித்தது யார்? நான்தான்.

மார்ச் 9
இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி காட்டப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர்: "ரிட்டயர் ஆக மூணே வருஷம். உனக்கு எதுக்கு வம்பு?"

முப்பது வருஷமா வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்! அந்தக் கடனை வாங்கினது யாரு, தின்னது யாரு? பிரசவத்துக்கு வர்றவளா வாங்கினா?

மார்ச் 17
இரவல் கட்டில்கள் வந்தன. திருப்பி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 18
முப்பது கட்டில், ஐம்பத்தெட்டு தாய்மார், இரண்டு நர்சு. அப்படியே காட்டினேன். பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

குழுவில் இருந்த அம்மாள், இன்றைக்கு மட்டும் கூட்டமா என்று கேட்டாள். மொழிபெயர்ப்பாளரிடம், "ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க" என்றேன். "தினமும் இப்படித்தான். போன தடவை நீங்க பார்த்தது நாடகம், மேடை போட்டவ நான். உங்க தவணைக்காக ஆறு பேரை அனுப்பினாங்க. போன மாசம் ஒரு பொண்ணு ரத்தம் போயே செத்தா. பக்கத்துல நிக்க ஆள் இல்ல."

அந்த அம்மாள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 21
மருந்தும் சீருடையும் வைக்கிற கிடங்குக்கு மாற்றல். தண்டனையாம். போங்கடா!

ஜூலை 2
வானொலிச் செய்தி: நாட்டின் கடனில் ஒரு பகுதி தள்ளுபடி. வீட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஒரு பகுதிதானா? மீதி?

செப்டம்பர் 11
கிடங்கு ஜன்னலில் தெரிந்த முகங்கள்! ஆறு நர்சுகளில் நாலு பேருக்குத் திரும்ப வேலை கிடைத்திருக்கிறது. சீருடை வாங்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும்தான். மற்ற இரண்டு பேருக்கு இப்போதைக்கு நிதி இல்லையாம்.

அவர்களுக்கும் இரண்டு சீருடை எடுத்து, பெயர் எழுதி, மேல் தட்டில் வைத்தேன். கிடங்கு அதிகாரி எடுக்கச் சொன்னார். முடியாது என்றேன்.