எல்லாரும் நிற்கும் போர்வை

என் வீட்டுக்காரருக்கு,

ரூவான் நகரத்தில் பிரபு வீட்டு விருந்து இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. அவர் மகள் நன்றாகப் பாடுவாளாமே, சந்தோஷம்.

இங்கே நம் பாதிரியார் வந்திருந்தார். உங்கள் முன்னோரின் டேனிய முறைப்படி, கோயிலுக்குப் போகாமல் நீங்கள் என்னைக் கூட்டி வந்தது கல்யாணமே இல்லையாம். “கோயில்ல கல்யாணம் பண்ணாத வரைக்கும் ஒம் புள்ளைங்களுக்கு நிலத்துல பாத்தியதை இல்லம்மா” என்றார். அதற்கு ஒரு வழியும் அவரே சொன்னார். பலிபீடத்துக்கு முன்னால் நாம் மாலையும் கழுத்துமாக நிற்கும்போது, பிள்ளைகளையும் நம்மோடு ஒரே போர்வைக்குள் நிறுத்தினால், அவர்களும் முறையாகப் பிறந்தவர்களாகிவிடுவார்களாம்.

போர்வையை நெய்து முடித்துவிட்டேன். நம் மூத்தவன் தாடியைத் தடவிக்கொண்டு, “இந்த வயசுல போர்வைக்குள்ள நிக்கணுமா? ஊரே சிரிக்கும்மா!” என்கிறான்.

“சிரிக்கட்டும்டா. சிரிக்கிறவனுக்கா நிலம் வரப்போவுது?” என்றேன்.

டேனிய நாட்டிலிருந்து கப்பலில் வந்த உங்கள் தாத்தா கோடரியால் பிடித்த நிலத்தை நான் கம்பளி நூலால் பிடித்து வைக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வரும் ஞாயிறு கல்யாணம். ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. தன் மகளை அழைத்து வந்து பாட வைக்கும்படி பிரபுவுக்கும் ஆள் அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
டேனிய முறைப்படி இன்றும், கோயில் முறைப்படி ஞாயிறு முதலும்
உங்கள் மனைவி