சப்பாத்தைப் போடுங்கோ

இன்று காலை ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். சீசா என்கிற பகுதியில்தான், நாங்கள் இருந்த தெருவுக்குப் பக்கத்துத் தெரு. கதவைத் திறந்ததும் புதுப் பெயின்ற் மணம் அடித்தது. மற்றவர்களுக்கு அது நல்ல மணம். எனக்கோ உடனே சந்தேகம் வரும்; விற்கிறவர் எதையோ மூடியிருக்கிறார் என்று சுத்தியலைக் கையில் எடுத்துவிடுவேன். இன்று ஏனோ வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்த ஒரேத்தோ தெரு வீட்டிலும் இதே மணம்தானே? உயிரோடு இருக்கும்போது, மனுசி கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள் என்று குறைப்படுவீர்கள். இப்போது எழும்பி ஓட வழியில்லை. இருந்து கேளுங்கள்.

நாற்பது வயதில் இரவுப் பள்ளிக்கூடத்தில் கட்டடப் படிப்பை முடித்தபோது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது! வீட்டைப் பார்த்து, இது இருக்கலாம், இது ஆகாது என்று கையெழுத்து வைக்கும் உரிமை உள்ளவரை இங்கே இத்தாலியில் ஜியோமெத்ரா என்பார்கள். அந்த உரிமைக்குப் படிப்பு மட்டும் போதாது. ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவருக்குக் கீழே பதினெட்டு மாதம் வீடு வீடாகப் போய், ஏணியில் ஏறி, நிலவறையில் இறங்கிப் பழக வேண்டும். இவளுக்கு வேலை தெரியும் என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் அரசுப் பரீட்சைக்கே போகலாம். "இந்த வயசிலை ஏணியிலை ஏறப் போறாவாமோ?" என்று உங்கள் அக்கா கேட்டா. "ஏறட்டும். விழுந்தால் நான் பிடிக்கிறன்" என்றீர்கள்.

எனக்குப் பயிற்சி தந்தவள் என்னைவிட இளையவள். வாய் மட்டும் என்னைவிட மூத்தது. முதல் நாள் நான் செய்த கூத்து நினைவிருக்கிறதா? இரும்பு மூக்கு வைத்த அந்தப் பாரமான சப்பாத்தை வீட்டு வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். பின்னே? அடுத்தவர் வீட்டுக்குள் சப்பாத்தோடு போகிறதா? "ஆணி குத்தினால் யார் பொறுப்பு? இன்றைக்குப் பயிற்சி இல்லை, வீட்டுக்குப் போ" என்று கத்தினாள். நான் அழுது வீங்கிய முகத்தோடு வந்து சொல்ல, நீங்கள் இருமல் வரும்வரை சிரித்தீர்கள். "சாமியறைக்குள்ளை போற மாதிரியெல்லோ போயிருக்கிறீர்!"

அதை ஸ்ஃபெர்ராகவால்லோ உணவகம் முழுக்கச் சொல்லிப்போட்டீர்கள். அங்கே குசினியில் மட்டி கழுவுகிற வேலை உங்களுக்கு. பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிறவர்களிடமெல்லாம் என் புராணம்தான். நான் பயிற்சியில் இருக்கும்போதே "என்ரை மனுசி ஜியோமெத்ரா" என்று சொல்லித் திரிந்தீர்கள். ஒருவன் தன் வீட்டுச் சுவர் கசிகிறது என்று கேட்டு அனுப்ப, நான் வெட்கத்தில் செத்தேன். "பொறும், எப்பிடியும் ஆகத்தானே போறீர்" என்றீர்கள்.

பயிற்சி முடிகிற நேரத்தில்தான் ஒரேத்தோ வீடு விலைக்கு வந்தது. இந்த ஊருக்கு வந்த நாள் தொட்டு வாடகை வீடுதான். சொந்த வீடு என்றால் உங்களுக்கு உயிர். ஒருநாள் ஓடி வந்து, "குசினி சரியா அக்கினி மூலையிலை இருக்கு. இதைவிட வேறை என்ன வேணும்?" என்றீர்கள். என்னைப் பழக்கியவளிடம் வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வருகிறேன். ஆனால் வாய் திறக்கமாட்டேன். பார்ப்பதும் நீ, சொல்வதும் நீ. உன் புருஷன் ஆசைப்படுகிற வீட்டில் உன்னால் உண்மை சொல்ல முடிந்தால்தான் பரீட்சைக்கு விடுவேன்."

நாங்கள் இருவரும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நிற்க, நீங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றினீர்கள். கழற்றிவிட்டு, வலக்காலை எடுத்து வைத்து உள்ளே போனீர்கள். ஐயோ, அப்போது உங்கள் முகம்! பால் காய்ச்சிக் குடிபுகுகிறவரின் முகம் அது.

நான் குசினியில் ஏணி வைத்து ஏறினேன். சுத்தியலால் தலைக்கு மேலேயுள்ள சீமெந்துத் தட்டைத் தட்டிக்கொண்டே வந்தேன். ஓரங்களில் கெட்டியான சத்தம். நடுவில் வெறும் தகரத்தைத் தட்டியது போல் கேட்டது. கத்தியால் பெயின்றைச் சுரண்டியதும் பலகை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பியெல்லாம் துருப்பிடித்து வீங்கிப் போயிருந்தது. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் காலம் காலமாக இறங்கியிருக்கிறது. அக்கினி மூலையில் தண்ணீர்! அந்தத் தட்டு என்றைக்கும் தலையில் விழலாம். "கொஞ்சம் ஈரம்தான்" என்றா வீட்டை விற்கிற சிஞ்ஞோரா அம்மா.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். 'சின்னத் திருத்தம், சமாளிக்கலாம்' என்பது என் வாய்வரைக்கும் வந்தது, சத்தியமாக. உங்கள் ஆசை எனக்குத் தெரியாதா? கீழே பார்த்தேன். விழுந்த பூச்சுக்கு நடுவில், அந்தத் தட்டுக்கு நேர்கீழே, வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தீர்கள்.

"இஞ்சாருங்கோ," என்றேன். "சப்பாத்தைப் போடுங்கோ."

நீங்கள் மேலே பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். வாசலில் போய்க் குந்தியிருந்து சப்பாத்தைப் போட்டீர்கள். சிஞ்ஞோரா விடவில்லை. "பெண்கள் பயப்படுவார்கள். ஆம்பிளை நீங்கள் சொல்லுங்கள்" என்றா. நீங்கள் எழும்பி, உங்கள் உடைந்த இத்தாலிய மொழியில், மாடிப்படி முழுக்கக் கேட்கச் சொன்னீர்கள்: "இந்த வீட்டைப் பார்க்க வந்தது அவ. அவ ஆகாது என்றால் ஆகாது."

பஸ்ஸில் நான் விம்மி விம்மி அழுதேன். "உமக்கென்ன விசரே?" என்றீர்கள். "வீடு போனால் போகட்டும். உம்மடை சொல்லுப் போனால் பிறகு ஆர் உம்மைக் கூப்பிடுவினம்?" சொல்லிவிட்டு நீங்களும் யன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தீர்கள். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்கள்.

அவள் சொன்னபடி பரீட்சைக்கு விட்டாள், தேறினேன். உணவகம் முழுக்க உழுந்துவடை கொடுத்தீர்கள். அந்த மாரியிலேயே நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. "கடைசிவரைக்கும் வாடகை வீட்டிலையே கிடந்து போட்டான். வந்த வீட்டையும் இவள் தடுத்தாள்" என்று உங்கள் அக்கா செத்தவீட்டில் என் காதுபடச் சொன்னா. எனக்குத் துக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. குற்ற உணர்வு மட்டும் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆசைப்பட்ட வீட்டை விட்டுவிட்டு என் சொல்லின் பக்கம் நின்ற மனிதனோடு வாழ்ந்தேன் என்ற பெருமைதான் எனக்கு.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, கையெழுத்துக்குக் கீழே குத்துகிற என் ஜியோமெத்ரா முத்திரை வந்தது. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி போடுவார்கள் என்றார்கள். நானும் அதை யோசிக்கவில்லை. உறையைப் பிரித்த பிறகுதான் பார்த்தேன். என் பெயர், அதற்குப் பக்கத்தில் உங்கள் பெயர். சீசா வீட்டுக்கு இன்று 'ஆகாது' என்று எழுதினேன். வாங்க இருந்த பெடியனுக்கு முகம் சுருங்கிவிட்டது, பாவம். கையெழுத்துக்குக் கீழே முத்திரையைக் குத்தினேன். எப்போதும் என் பக்கம் சரியாக விழும். உங்கள் பக்கம் கொஞ்சம் மங்கல். அதனால் அந்தப் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக் குத்துகிறேன்.